டேனெலெக்ட்ரோ கிட்டாரும் சில்வர்டோன் ஆம்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேனெலெக்ட்ரோ யாருடைய கம்பெனி? எப்போது தொடங்கியது?

நேதன் டேனியல் 1947-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ரெட் பேங்க் என்ற ஊரில் தொடங்கியது. டேனியல் என்ற பெயரையும் எலெக்ட்ரிக் என்ற சொல்லையும் ஒட்டித்தான் டேனெலெக்ட்ரோ.

அவர் கிட்டார் செய்யும் தச்சர் பரம்பரையில் வந்தவர் இல்லை, ஆம்ப் கட்டுபவர். 1912-ல் பிறந்தவர், பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய யூதர்கள். 1930களில் எபிஃபோன் கம்பெனிக்கு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். போர் முடிந்ததும் சொந்தத் தொழில். முதலில் மான்ட்கோமரி வார்டு, அடுத்து சியர்ஸ் என்ற இரண்டு தபால் வணிக நிறுவனங்களுக்கு ஆம்ப் சப்ளை செய்தார். கிட்டார் பக்கம் வந்தது 1954-ல்தான்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கிட்டார்களின் பல விநோதங்கள் புரிந்துவிடும். மரத்திலிருந்து தொடங்கி மின்சாரத்துக்கு வராமல், மின்சாரத்திலிருந்து தொடங்கி மரத்துக்குப் போனவர் செய்த கிட்டார் இது. கம்பி அதிர வேண்டும், அந்த அதிர்வை பிக்கப் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) பிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் எது தேவையோ அங்கே காசு செலவழித்தார், மற்ற எல்லா இடத்திலும் மிச்சம் பிடித்தார்.

சில்வர்டோனும் டேனெலெக்ட்ரோவும் ஒன்றா?

இல்லை. சில்வர்டோன் என்பது சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பெயர். கிராமஃபோன், ரேடியோ காலத்திலிருந்தே அந்தப் பெயர் உண்டு. சியர்ஸ் சொந்தமாகக் கிட்டார் செய்யவில்லை. ஹார்மனி, கே, டேனெலெக்ட்ரோ எனப் பல தொழிற்சாலைகளிடம் வாங்கி, தன் பெயரைப் போட்டு விற்றது. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் டெய்ஸ்கோவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அதனால் "சில்வர்டோன் கிட்டார் நல்லதா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தத் தொழிற்சாலை செய்தது என்று முதலில் பார்க்க வேண்டும். டேனெலெக்ட்ரோ செய்ததை அடையாளம் காண சுலபமான வழி மூன்று: குழாய் வடிவ பளபளப்பான பிக்கப், அலுமினிய நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பி தங்கும் துண்டு), உடம்பின் விளிம்பைச் சுற்றி ஒட்டிய வினைல் பட்டை. மூன்றும் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. 1954, 55 மாடல்களில் மட்டும் பிக்கப் வெளியே தெரியாது, பிக்கார்டு தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

உடம்பு நிஜமாகவே ஹார்டுபோர்டா?

ஆமாம். நம் ஊரில் அலமாரியின் பின்பக்கம் அடிக்கும் அதே வகை. அமெரிக்காவில் அதன் பெயர் மேசனைட். வில்லியம் மேசன் என்பவர் 1920களில் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் கண்டுபிடித்தது. மரச்சில்லுகளை உயர் அழுத்த நீராவியில் வைத்துச் சட்டென்று அழுத்தத்தைத் திறந்தால் சில்லு வெடித்து நார்நாராகிவிடும். அந்த நாரைச் சூட்டில் அழுத்தினால், மரத்திலேயே இருக்கும் பசைப்பொருள் அதைப் பலகையாகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வருட மாடல்கள் பாப்லர் மர உடம்பில் வினைல் போர்த்தியவை. 1956-ல் வந்த யூ வரிசையிலிருந்துதான் ஹார்டுபோர்டு. ஒன்று, இரண்டு, மூன்று பிக்கப்புக்கு முறையே யூ-1, யூ-2, யூ-3. வெளிச் சட்டம் மரத்தில், நெக் (கழுத்து) பொருந்தும் இடத்திலிருந்து பிரிட்ஜ் (உடம்பின்மேல் கம்பியைத் தாங்கும் பாகம்) வரை நடுவே ஒரு மரக்கட்டை, மேலும் கீழும் ஹார்டுபோர்டு. மீதி உள்ளே வெற்றிடம். கம்பியின் இழுவையைத் தாங்குவது அந்த நடுக்கட்டைதான். ஹார்டுபோர்டு மூடி மட்டுமே.

உள்ளே காலியாக இருப்பதால் எடை குறைவு, ஆம்பில் போடாமலேயே ஓரளவு கேட்கும். விரலை வைத்துத் தட்டினால் தபேலா மாதிரி இல்லாமல் அட்டைப்பெட்டி மாதிரி 'டொக்' என்று சொல்லும். நடுக்கட்டை எங்கே முடிகிறது என்பதைக்கூட இப்படித் தட்டியே கண்டுபிடிக்கலாம்.

லிப்ஸ்டிக் பிக்கப் என்ற பெயர் பட்டப்பெயரா, உண்மையா?

உண்மை. உதட்டுச்சாயக் குழாய் செய்யும் உற்பத்தியாளரிடமிருந்தே உலோகக் குழாயை வாங்கி, அதற்குள் சுருளை வைத்து மூடினார்கள்.

உள்ளே இருப்பது மிக எளிமை. ஒரு நீளமான ஆல்னிகோ காந்தப் பட்டை, அதன்மேல் டேப், அதன்மேல் நேரடியாகச் சுற்றிய எனாமல் கம்பி. பாபின் கிடையாது, ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் காந்தத் துண்டும் கிடையாது. ஒல்லியாகச் சுற்றிய சுருள் என்பதால் மல்டிமீட்டரில் 4,000-5,000 ஓம் அளவில்தான் காட்டும். சுற்று குறைவு என்றால் வெளியீடு குறைவு, மேல் அதிர்வெண்கள் அதிகம். அந்தக் கண்ணாடி போன்ற தெளிவு இதிலிருந்துதான் வருகிறது.

மலிவுக்காகப் பிடித்த வழி மலிவான ஓசையைத் தரவில்லை. பின்னாளில் விலை உயர்ந்த கிட்டார்களில்கூட இந்தப் பிக்கப்பைப் பொருத்தினார்கள். அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானிடம் லிப்ஸ்டிக் பிக்கப் வைத்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவக் கிட்டார் ஒன்று இருந்தது.

இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் சத்தம் ஏன் திடீரென்று கூடுகிறது? வயரிங் தவறா?

தவறு இல்லை, அது டேனியலின் வடிவமைப்பு. பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக (பக்கம்பக்கமாக) இணையும், சத்தம் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். டேனெலெக்ட்ரோவில் சீரிஸ். டார்ச் லைட்டில் இரண்டு பேட்டரியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது போல. இரண்டு 4,500 ஓம் பிக்கப் சேர்ந்து 9,000 ஓம் ஆகிறது. வெளியீடு கூடுகிறது, நடு ஸ்தாயி தடிக்கிறது.

ஆகவே இந்தக் கிட்டாரில் நடு நிலைதான் 'லீட்' நிலை. பாடகருக்குப் பின்னால் வாசிக்கும்போது ஒற்றைப் பிக்கப், தனி வாசிக்கும்போது நடுவில். பெடல் எதுவும் இல்லாமல் சுவிட்சிலேயே ஒரு பூஸ்ட் கிடைக்கிறது.

பழுது பார்க்கும்போது இங்கே ஒரு கண்ணி உண்டு. சீரிஸ் இணைப்பில் ஒரு பிக்கப்பின் 'எர்த்' முனை உண்மையில் எர்த்துக்குப் போவதில்லை, அடுத்த பிக்கப்போடு சேர்கிறது. கடையில் வாங்கிய இரண்டு வயர் பிக்கப்பில் உலோக உறை அந்த முனையோடு ஒட்டியிருந்தால், நடு நிலையில் உறையை விரல் தொட்டதும் 'ஹம்' கேட்கும். உறைக்குத் தனி எர்த் வயர் உள்ள பிக்கப்பையே வாங்குங்கள். அல்லது உறையின் இணைப்பைப் பிரித்துத் தனி வயர் போட்டு எர்த் செய்யுங்கள்.

நடு நிலையில் சத்தம் கூடாமல், மெலிந்து மூக்கால் பேசுவது போல் ஒலித்தால், இரண்டு பிக்கப்பும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் ஓசையை மற்றது அழிக்கிறது. ஒரு பிக்கப்பின் இரு வயர்களை மாற்றிப் போட்டால் சரியாகும். அப்போதும் உறையின் எர்த் பற்றிச் சொன்னது பொருந்தும்.

பிக்கப் சத்தமே வரவில்லை. குழாயைத் திறக்கலாமா?

முதலில் திறக்காதீர்கள். சுவிட்ச், வால்யூம் பாட் (சத்தக் குமிழின் அடியில் உள்ள பாகம்), ஜாக் (கேபிள் செருகும் துளை) மூன்றையும் சோதியுங்கள். பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருக்கும். பிக்கப் வயரை சர்க்யூட்டிலிருந்து பிரித்து மீட்டரில் அளந்தும் 'ஓப்பன்' என்று காட்டினால் மட்டுமே குழாயைத் தொட வேண்டும். உள்ளே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. குழாயின் மூடியை முறுக்கி இழுக்கும் அந்த ஒரு நொடியில் அறுந்தவை ஏராளம். அறுந்துவிட்டால் திரும்பச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

அதிகச் சத்தத்தில் பிக்கப் கீச்சிட்டால் சுருள் தளர்ந்திருக்கிறது. பாரஃபின் மெழுகு 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60-65 டிகிரியில் உருக்கி, பிக்கப்பை 10-15 நிமிடம் மூழ்க வைத்தால் குமிழி வந்து அடங்கும். நேரடி அடுப்புத் தீயில் மெழுகை வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும்.

நெக் வளைந்திருக்கிறது. டிரஸ் ராடு திருகு எங்கே?

இல்லை. பழைய டேனெலெக்ட்ரோ நெக்கில் திருகித் திருத்தும் ராடு கிடையாது. உள்ளே அசையாத எஃகுச் சட்டங்கள் இருக்கின்றன. அவை பொதுவாக நெக்கை நன்றாகவே நேராகப் பிடித்துவைக்கும். அறுபது வருடம் ஆகியும் நேராக நிற்கும் நெக்குகள் பல உண்டு.

கம்பி உயரமாக இருந்தால் முதலில் நெக்கைச் சந்தேகிக்க வேண்டாம். அது உடம்போடு சேரும் கோணம் தளர்ந்திருக்கும். கம்பிகளை முழுதாகத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றி நெக்கை எடுங்கள். பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு சிறு தக்கை இருக்கக்கூடும், அது தொழிற்சாலை வைத்ததாகவே இருக்கலாம். தூக்கி எறியாமல் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துவையுங்கள். பிரிட்ஜ் பக்கத்து விளிம்பில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டுத் துண்டு வைத்தாலே 12-ஆவது ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கும். மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மி.மீ., தடித்த பக்கம் 2 மி.மீ. வந்தால் போதும்.

மரத்துண்டு பிரிட்ஜில் சுருதி சேர்ப்பது எப்படி?

பழைய பிரிட்ஜ் ஒரு உலோகத் தகடு, அதன்மேல் ஒரே ரோஸ்வுட் துண்டு, அதைப் பிடிக்க ஒரே ஒரு திருகு. ஆறு கம்பிக்கும் தனித்தனித் திருத்தம் கிடையாது. ஆனாலும் வாசிக்கும் அளவுக்குச் சுருதி நிச்சயம் சேரும்.

புதுக் கம்பி போடுங்கள், 10-46 செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046) பொருத்தம். மரத்துண்டின் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதல் கம்பியில் 12-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்), அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் துண்டின் அந்த முனையைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பிறகு ஆறாவது கம்பிக்கு மறுமுனை. இரண்டு முனையும் சேர்ந்ததும் திருகை இறுக்குங்கள். துண்டு சாய்வாக நிற்கும், அதுதான் சரி.

மூன்றாவது கம்பி மட்டும் அடம்பிடித்தால் அது சுற்று இல்லாத வெறும் கம்பியாக இருப்பதால்தான். அந்தக் காலத்து செட்களில் மூன்றாவது கம்பி சுற்றுக் கம்பி, பிரிட்ஜின் கணக்கு அதற்காகப் போட்டது. சுற்றுள்ள மூன்றாவது கம்பியைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கிட்டார் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் இருக்குமாமே?

டேனெலெக்ட்ரோ செய்ததிலேயே மிக அழகான யோசனை அது. 1962-ல் சியர்ஸ் கேட்டலாக்கில் 1448 என்ற எண்ணோடு வந்தது. ஒரு பிக்கப் கிட்டார், அதை வைக்கும் பெட்டி, பெட்டியின் அகலமான பகுதியில் பதித்த வால்வு ஆம்ப், 5 அங்குல ஸ்பீக்கர். மொத்தமும் 67.95 டாலர். பெட்டியைத் திறந்து நிறுத்து, பிளக்கைச் சொருகு, வாசி. வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதன் அண்ணன் 1449: இரண்டு பிக்கப், 8 அங்குல ஸ்பீக்கர், டிரெமோலோ (சத்தம் ஏறி இறங்கும் விளைவு). சில வருடத்தில் இவற்றின் இடத்துக்கு 1451-உம் 1457-உம் வந்தன. சிவப்பு மினுமினுப்புப் பெயின்ட் அடித்தவை அவை.

பீட்டில்ஸ் 1964-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கிட்டார் கேட்டபோது, தபாலில் வந்து இறங்கியது பெரும்பாலும் இந்த மாதிரிப் பெட்டிகள்தான். ஒரு தலைமுறை அமெரிக்க ராக் வாசிப்பாளர்களின் அரிச்சுவடி இது என்றால் மிகையில்லை. அதற்கும் முன்பே, ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ராணுவத்தில் சேர்வதற்கு முன் வைத்திருந்ததும் டேனெலெக்ட்ரோ செய்த ஒரு சில்வர்டோன்தான்.

இன்று வாங்குபவர் கவனிக்க: கிட்டாரைப் பத்திரமாக வைத்தவர்கள் பெட்டியை மழையில் விட்டிருப்பார்கள். பெட்டி மரமே இல்லை, அட்டையும் துகள்பலகையும். மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தால் ஆம்பின் எடையைத் தாங்காது.

பெரிய சில்வர்டோன் ஆம்ப்களில் எது வாங்கத் தகுந்தது?

வீட்டுக்கும் சிறிய ரெக்கார்டிங்குக்கும் 1482. ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6வி6 வால்வு, டிரெமோலோ. வால்யூமைப் பாதி ஏற்றினாலே கரகரப்பு தொடங்கிவிடும், ஆனால் மேடை ஆம்ப் அளவுக்குச் சத்தம் இருக்காது.

மேடைக்கு 1484. 'ட்வின் ட்வெல்வ்' என்பார்கள். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6எல்6 வால்வு, ரிவெர்ப் (எதிரொலி விளைவு), டிரெமோலோ. ஆம்ப் சர்க்யூட் இருக்கும் தலைப்பகுதியைக் கழற்றி ஸ்பீக்கர் பெட்டியின் உள்ளேயே செருகிவைத்து ஒரே சுமையாகத் தூக்கிப்போகலாம். ரிவெர்பை மட்டும் எதிர்பார்த்து வாங்காதீர்கள், மெலிதாகத்தான் இருக்கும். 1485 இன்னும் பெரியது: நான்கு 6எல்6, ஆறு 10 அங்குல ஸ்பீக்கர். அமெரிக்க ராக் கலைஞர் ஜாக் வைட் மேடையில் வைத்து வாசித்ததிலிருந்து அதன் விலை எங்கோ போய்விட்டது.

இந்த ஆம்ப்களில் மிச்சம் பிடித்த இடம் டிரான்ஸ்ஃபார்மர். வாட்டுக்கு ஏற்ற பருமன் இருக்காது. சிறிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அடி ஸ்தாயியில் சீக்கிரம் மூச்சு வாங்கும். கிட்டாருக்கு அந்த மூச்சு வாங்கல் இனிமை, பேஸ் கிட்டாருக்குத் தொல்லை. "நல்ல பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். அந்த ஓசைக்காகத்தானே இதை வாங்கினீர்கள்.

பல வருடம் மூலையில் கிடந்த ஆம்ப். நேராக பிளக்கில் போடலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. வால்வு ஆம்பில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் தங்கியிருக்கும். சர்க்யூட் படிக்கத் தெரியாதவர் சேஸியைத் திறக்க வேண்டாம்.

தெரிந்தவருக்கு: பிளக்கைப் பிடுங்கி, 10,000 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பால் ஒவ்வொரு ஃபில்டர் கபாசிட்டரின் குறுக்கேயும் சில விநாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பின்பே கை வையுங்கள்.

பழைய இரண்டு வயர் கார்டை எடுத்துவிட்டு மூன்று வயர் போடுங்கள். லைன் முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்ச், பிறகு டிரான்ஸ்ஃபார்மர். நியூட்ரல் நேராக டிரான்ஸ்ஃபார்மருக்கு. எர்த்துக்கு சேஸியில் தனி போல்ட், அதில் வேறெதையும் கட்டக் கூடாது. கரன்ட் வரும் வயருக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சிறு கபாசிட்டர் இருந்தால் வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் நேரடி மின்சாரம் வரும்.

ஃபில்டர் எலெக்ட்ரோலிட்டிக்குகள் காய்ந்திருக்கும். 'ஹம்' கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாற்றிவிடுங்கள், அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் அல்லது அடுத்த படி. பிறகு சீரிஸ் லேம்ப் (மின்சாரப் பாதையில் தொடராக இணைத்த பல்பு) வழியாக முதல் மின்சாரம்: சின்ன ஆம்புக்கு 60 வாட், 1484-க்கு 100 வாட் குண்டு பல்பு. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது கப்ளிங் கபாசிட்டர். கேத்தோடு பயாஸ் உள்ள ஆம்ப்களில் அவுட்புட் வால்வின் கிரிட்டில் டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினால் அந்தக் கபாசிட்டர் கசிகிறது, வால்வு சிவந்து எரிவதற்குமுன் மாற்றுங்கள்.

இங்கே 230 வோல்ட். அமெரிக்க ஆம்பை எப்படி ஓட்டுவது?

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் 230-க்கு 110 வோல்ட் சுலபமாகக் கிடைக்கும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஆம்புக்கு 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்), 1484-க்கு 300 விஏ.

வோல்ட்டேஜ் மட்டுமே பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அதிர்வெண்ணும் பிரச்சினைதான். அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை, நம் மின்சாரம் 50. அதே வோல்ட்டேஜில் இரும்புக் கருவின் காந்தச்சுமை 20 சதவீதம் கூடும். ஏற்கெனவே சிக்கனமாகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர், சூடு ஏறும். 117 வோல்ட்டுக்கான ஆம்புக்கு 120 கொடுப்பதைவிட 110 கொடுப்பது நல்லது. ஹீட்டர் வோல்ட்டேஜ் 6.3-லிருந்து 5.9-க்கு இறங்கும், வால்வு அதைத் தாங்கும். 100 வோல்ட்டுக்கு இறக்கினால் டிரான்ஸ்ஃபார்மர் குளிர்ந்திருக்கும், ஆனால் ஹீட்டர் 5.4 ஆகிவிடும், அது மிகக் குறைவு. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் ஓய்வு கொடுங்கள்.

அந்தக் காலத்து மலிவு ஆம்ப் சிலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. 35, 50 என்று தொடங்கும் எண்ணுள்ள வால்வுகளைக் கண்டால் உஷார், ஹீட்டர்களைச் சரமாகக் கோத்து நேராக மெயின்ஸில் போட்டிருக்கலாம். எந்தக் கம்பெனி ஆம்பானாலும் அப்படிப்பட்டதற்கு சாதாரண ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் கூடாது. இரண்டு சுற்றும் தனித்தனியான ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

லாங்ஹார்ன், ஆறு கம்பி பேஸ் என்கிறார்களே, அவை என்ன?

1956-ல் வந்த யூபி-2, கிட்டாரை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிய ஆறு கம்பிக் கருவி. அது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் மையமான நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் பெரிய இடம் பிடித்தது. பெரிய மர பேஸ் வாசிக்கும் அதே சுரங்களை, உள்ளங்கையால் கம்பியை அமுக்கி இதில் வாசிப்பார்கள். சின்ன ரேடியோவிலும் பேஸ் தெளிவாகக் கேட்கும். அந்த 'டிக்-டாக்' ஓசையே அதற்குப் பெயராகிவிட்டது. கிட்டார் கலைஞர் டுவேன் எடி தனி மெட்டுகளையே இதில் வாசித்தார்.

1958-ல் வந்த லாங்ஹார்ன், ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு நீண்ட கொம்புகளோடு. அதன் கிட்டார் வடிவமான கிட்டார்லினில் 31 ஃப்ரெட், மேண்டலின் எல்லை வரை போகலாம் என்பது கணக்கு. கடைசி ஃப்ரெட்களில் விரல் நுழைவதே கஷ்டம். ராக் கிட்டார் கலைஞர் லிங்க் ரே இதை வைத்துத்தான் மேடை ஏறினார். லாங்ஹார்ன் பேஸின் மெல்லிய கம்பிகளின் ஓசைக்காக லண்டனில் தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் அதை வாங்கினார். கம்பி அறுந்தபோது மாற்றுக் கம்பி எங்கும் கிடைக்காமல், புது பேஸையே மறுபடி வாங்க வேண்டியதாயிற்று.

இரட்டைக் குட்டைக் கொம்பு வைத்த 3021 மாடலுக்கும் தனி மதிப்பு உண்டு, லெட் செப்பலின் குழுவின் ஜிமி பேஜ் அதை மாற்றுச் சுருதி வாசிப்புக்கென்றே வைத்திருந்தார்.

எலெக்ட்ரிக் சிதார் உண்மையில் சிதாரா?

இல்லை, கிட்டார்தான். 1967-ல் வின்னி பெல் என்ற நியூயார்க் ஸ்டூடியோ வாசிப்பாளரோடு சேர்ந்து, டேனெலெக்ட்ரோ கோரல் என்ற பெயரில் வெளியிட்டது. கிட்டார் போலவே ஆறு கம்பி, கிட்டார் சுருதி. மேல் பக்கம் 13 துணைக் கம்பிகள், அவற்றுக்குத் தனியே ஒரு லிப்ஸ்டிக் பிக்கப்.

அந்த 'ங்ங்' என்ற ரீங்காரம் வருவது பிரிட்ஜிலிருந்து. நம் தம்புராவை அறிந்தவர்களுக்கு ஒரு வரியில் விளங்கும்: தம்புராவின் அகலமான குதிரையில் நூலை வைத்து ஜீவா பிடிப்போமே, அதே தத்துவம். அகலமான, லேசாகச் சரிந்த பரப்பில் கம்பி உரசியபடி அதிர்கிறது. நூல் இல்லை, அதற்குப் பதில் பிரிட்ஜின் சரிவைத் திருகால் மாற்ற வேண்டும். கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள். சரிவு அதிகமானால் ரீங்காரம் செத்துச் சாதாரணக் கிட்டார் ஆகிவிடும், குறைந்தால் சுரமே எழாமல் அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு மயிரிழை இடம்தான் வாழ்கிறது. காலப்போக்கில் கம்பி பிரிட்ஜில் பள்ளம் பறிக்கும், மெல்லிய உப்புத்தாளால் இழைத்தால் உயிர் திரும்பும். கம்பி எங்கே முடிகிறது என்பது நிலையாக இல்லாததால் மேல் ஃப்ரெட்களில் சுருதி துல்லியமாக நிற்காது. அது பழுதில்லை.

கடலோர ஈரத்தில் ஹார்டுபோர்டு தாங்குமா?

பெயின்ட் உள்ள இடத்தில் தாங்கும். ஆபத்து வெட்டிய விளிம்பில், அதாவது ஓரப் பட்டைக்கு அடியிலும் பிக்கப், பாட் துளைகளிலும். ஈரம் அங்கே ஏறினால் பலகை உப்பும், உப்பியது பழைய கனத்துக்குத் திரும்பாது. பட்டை உரியத் தொடங்கியதுமே மீண்டும் ஒட்டிவிடுங்கள். இரு பரப்பிலும் ரப்பர் பசையை மெலிதாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு அழுத்த வேண்டும். மேல்பலகை சட்டத்திலிருந்து பிரிந்திருந்தால் மர வேலைக்கான வெள்ளைப் பசையை மெல்லிய தகட்டால் உள்ளே செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உடனடிப் பசை வேண்டாம், நாரில் ஊறிப் பாறையாகி அடுத்த பழுதைக் கெடுத்துவிடும்.

எந்த வருடத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பாட்களைப் பாருங்கள். உலோகத்தில் பொறித்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர், அடுத்து வருடம், கடைசி இரண்டு வாரம். 1376221 என்றால் சிடிஎஸ் கம்பெனி, 1962, 21-ஆவது வாரம். ஆம்ப் ஸ்பீக்கரிலும் இதே முறை: 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு, 328 யூட்டா. ஆறு இலக்கம் மட்டுமே இருந்தால் வருடத்தின் கடைசி எண்தான் இருக்கும். 220312 என்பது 1953-ஆ 1963-ஆ என்பதை மாடலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இந்த எண் பாகம் செய்த தேதி. கிட்டார் அதற்குச் சில மாதம் பிந்தியது, முந்தியதாக இருக்க முடியாது.

நன்றாக ஓடிய கம்பெனி ஏன் மூடியது?

1966-ல் டேனியல் கம்பெனியை எம்சிஏ என்ற பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் கோரல் என்ற புதிய பெயரைக் கொண்டுவந்தார்கள். அது அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர். சியர்ஸ் போன்ற மொத்த வாடிக்கையாளரை நம்பி வளர்ந்த தொழிற்சாலையை, ஊர் ஊராகச் சின்னக் கடைகளுக்கு விற்கும் வழிக்குத் திருப்பினார்கள். அதே நேரம் ஜப்பான் கிட்டார்கள் இன்னும் மலிவாக வந்து இறங்கின. 1969-ல் நியூ ஜெர்சியின் நெப்டியூன் நகரில் இருந்த டேனெலெக்ட்ரோ தொழிற்சாலை மூடப்பட்டது. மிஞ்சிய பாகங்களை கிட்டார் வடிவமைப்பாளர் டான் ஆம்ஸ்ட்ராங் வாங்கி, தன் பிக்கப் போட்டுக் கொஞ்ச காலம் விற்றார். டேனியல் ஹவாய்க்குப் போய்ப் படகு வடிவமைப்பில் இறங்கினார், 1994-ல் காலமானார்.

இன்று கடையில் இருக்கும் டேனெலெக்ட்ரோ அதே கம்பெனியா?

பெயர் மட்டும். 1990களில் கலிஃபோர்னியாவின் எவெட்ஸ் நிறுவனம் பெயரை வாங்கி, முதலில் எஃபெக்ட் பெடல், 1998 முதல் பழைய மாடல்களின் மறுபதிப்பு என்று கொண்டுவந்தது. செய்வது ஆசியத் தொழிற்சாலைகளில். நெக்கில் திருத்தக்கூடிய டிரஸ் ராடு உண்டு, பல மாடல்களில் ஆறு கம்பிக்கும் தனித்தனி சேடில் (பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டு) உண்டு. வாசிக்க மட்டும் வேண்டும் என்றால் மறுபதிப்பே போதும், தயங்காமல் வாங்கலாம்.

பழையதை வாங்கினால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அலுமினிய நட்டை எலும்பாக்குவது, மரப் பிரிட்ஜைத் தூக்கிவிட்டுப் புது பிரிட்ஜ் துளைப்பது, சீரிஸ் வயரிங்கைப் பேரலலாக்குவது எதையும் செய்யாதீர்கள். தேவைப்பட்டால் திரும்பப் பொருத்த முடிகிற மாதிரி செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், திருகு உட்பட, ஒரு கவரில் போட்டு மாடல் எண்ணை எழுதி, கிட்டார் பெட்டியிலேயே வையுங்கள்.